பழவேற்காடு: கல்லறைக்கு உண்டு வேலி

ஞாயிற்றுக்கிழமையானால் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற ரோட்டில் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. சென்னையிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, ஒல்லாந்தர் கல்லறையைப் பார்த்து, கலங்கரை விளக்கத்துக் கடற்கரையில் கால் நனைத்து, பூநாரை தெரிகிறதா என்று ஏரிப்பக்கம் எட்டிப் பார்த்து, மதியம் நண்டும் இறாலும் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். இப்படி வந்து போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. ஆறு நாள் கம்பெனியில் மாரடித்தவன் ஏழாம் நாள் தண்ணியைப் பார்க்க வருவதில் என்ன குற்றம்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து பைக்கில் வருகிற நம் பையன்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். என் கேள்வி, வருகிறவர்களுக்கு எது காட்டப்படுகிறது என்பது. அந்தக் காட்சிக்கு யாருடைய ஏரி, யாருடைய உழைப்பு செலவாகிறது என்பதும்தான்.

முதலில் கல்லறை. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெரிய பெரிய கல்பலகைகளில் ஒல்லாந்து மொழியில் பேர்கள், குடும்பச் சின்னங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வேலி உண்டு, சட்டம் உண்டு, சேதப்படுத்தினால் தண்டனை என்ற அறிவிப்பும் உண்டு. செத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆன வியாபாரிகளுக்கு இத்தனை காவல்.

இவர்கள் யார்? ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடுதான். இங்கே நெய்த துணியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் கிழக்கே மசாலாத் தீவுகளில் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். ‘பளையகாட் லுங்கி’ என்று இன்றும் நம் வீடுகளில் உடுத்துகிறோமே, அந்தப் பேர் இந்த ஊர்ப் பேர்தான். வெடிமருந்துத் தொழிற்சாலையும் நடத்தினார்கள். இவ்வளவையும் சுற்றுலாப் புத்தகங்கள் சொல்லும். துணியோடும் வெடிமருந்தோடும் அவர்கள் ஏற்றிய இன்னொரு சரக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அந்தச் சரக்கு மனுசன்.

1622, 1623 ஆகிய இரண்டு வருஷங்களில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேரை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியிருக்கிறார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கிறது மனித உடம்பு. பஞ்சம் வந்தபோதெல்லாம், படையெடுப்பு வந்தபோதெல்லாம் இந்த வியாபாரம் ஏறியது. மழை பெய்தால் இறங்கியது. பெரும்பாலானவர்கள் போய் இறங்கிய இடம் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கம்பெனிக்குக் கோட்டை கட்டவும் மூட்டை தூக்கவும் தோட்டத்தில் சாகவும் ஆள் வேண்டியிருந்தது.

அதில் ஒருத்தியின் பேர் நமக்குக் கிடைத்திருக்கிறது. ‘பெரிய கத்ரைன்’ என்று கம்பெனி ஏடு அவளைக் குறிக்கிறது. பின்னொட்டு ‘பாலியாகட்டா’. பழவேற்காட்டுக்காரி என்று அர்த்தம். அப்பா அம்மா வைத்த பேரை எடுத்துவிட்டு ஊர்ப்பேரைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள், தன் காதலனைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்று, அது ஆயுள் முழுக்க நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டு, 1657இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோய் இறக்கப்பட்டாள். அங்கே துணி வெளுக்கிற வேலை. பிற்பாடு மன்னிப்புக் கிடைத்து, கல்யாணமும் ஆனது. அவளுடைய மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமன் வழியாக வந்த பெரிய குடும்பம் இன்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. இன ஒதுக்கல் காலத்தில் ‘வெள்ளையர்’ என்று எழுதப்பட்ட வம்சத்தின் ஆதித்தாய் பழவேற்காட்டுக்காரி! நம் ஊரில் சாதி சுத்தம் பேசுகிறவர்கள் இந்தக் கதையை ஒருதரம் படித்துப் பார்க்கலாம்.

அவள் என்ன சாதி என்று ஏடு சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவர் யார் என்பதை ஊகிக்க எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை. ஒல்லாந்தர் வந்து அடிமை முறையைக் கற்றுக்கொடுக்கவில்லை. பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரமெல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் ஏரிப்பாசன பூமி. நிலத்தோடு சேர்த்துப் பறையரையும் கைமாற்றுகிற மிராசுமுறை வேரோடியிருந்த பூமி. 1843இல் அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று ஆங்கிலேயன் சொன்ன பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே கிடந்தான். அரை நூற்றாண்டு கழித்து செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் எழுதிய அறிக்கைதான் அந்த நிலைமையை அரசாங்கத்தின் மேசையில் வைத்தது. 1892 செப்டம்பரில் அரசாணை 1010 வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்கப்புறமும் தாழ்த்தப்பட்டவர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலம் இப்போது எங்கே என்று கேட்டால் பதில், ரிசார்ட்டுக்குள்ளேயும் லேஅவுட்டுக்குள்ளேயும் கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயும் தேடணும்.

இனி ஏரி. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். தமிழ்நாட்டுப் பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டரை 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் பூநாரைக்கு அரசே திருவிழா எடுக்கிறது. பூநாரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே சேற்றில் அதே இறாலைத் தேடி இன்னொரு கூட்டமும் குனிந்து நிற்கிறது. இருளர் பெண்கள். வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு, சில சமயம் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்து, வாயில் கடித்துப் பிடித்திருக்கிற பறியில் போடுகிறார்கள். அப்படி ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

“டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கறாங்களா ஆயா?”

“எடுப்பாங்கோ தம்பி. குருவியப் புடிக்க வந்தவன் எங்களயும் சேத்துப் புடிச்சிக்கினு போவான். இன்னா குடுத்தான்? கையக் காட்டு ஆயான்னான், காட்டுனேன்.”

அவர் கை விரல்கள் முழுக்க இறால் முள் குத்திய தழும்பு. அதைத்தான் அந்தப் போட்டோக்காரர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஏரி எல்லாருக்கும் பொது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கிற இடங்களுக்குப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் என்ற பட்டினவர் கிராமங்கள் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடத்தில் இன்னார் சுத்துவலை போடலாம் என்று பங்கிட்டுக்கொள்கிற ஏற்பாடு. வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் இதைச் சமூகமே நடத்துகிற நல்ல நிர்வாகம் என்று பாராட்டி எழுதுகிறார்கள். அளவுக்கு மேல் பிடிக்காமல் தடுக்கிறது என்பதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பாட்டில் பங்கு பிறப்பால் வருகிறது. தலித்துகளுக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. ‘பாடு’ என்ற சொல்லுக்கு நம் சேரிகளில் வேறு பொருள்தான் வழக்கம். பட்ட பாடு, படுகிற பாடு. மீனவர் உரிமை என்று ஊர்வலம் போகிறபோது நானும் கோஷம் போட்டுக்கொண்டு போகிறேன், போவேன். அந்த உரிமைக்குள் இருக்கிற இந்தப் படிக்கட்டையும் அதே மேடையில் பேசித்தான் ஆகணும்.

சுற்றுலா வந்தபோது இந்தப் படிக்கட்டு அப்படியே படகுக்குள் ஏறியது. படகு வைத்திருந்தவருக்கு வருமானம். படகு இல்லாதவர் பார்சல் சுமந்தார், மீன் கழுவினார். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கிச் செத்தார்கள். உல்லாசமாக வந்த குடும்பங்கள், குழந்தைகளோடு. அந்தச் சாவுகளை எவ்விதத்திலும் சிறுமைப்படுத்த முடியாது. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். வருஷக்கணக்காகக் கூட்டம் வர விட்டுவிட்டு, படித்துறையோ உயிர்காப்பு உடையோ படகுப் பதிவோ ஒழுங்காகச் செய்யாமல் இருந்த நிர்வாகம், ஒரே நாளில் கதவைச் சாத்திவிட்டுத் தன் கடமை முடிந்தது என்றது. தடைக்குப் பின்னும் மறைவாகப் படகு ஓடியது. மறைவாக ஓடுகிற தொழிலில் கூலியைக் கேட்க முடியாது, பாதுகாப்பைக் கேட்க முடியாது.

வளர்ந்த சுற்றுலாத்தலம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் தெற்கே போகலாம். மாமல்லபுரத்தை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதை ஒட்டி ரிசார்ட்டுகள், பண்ணை வீடுகள், சுற்றுச்சுவர்கள். நில விலை ஏறுகிற இடத்தில்தான் பஞ்சமி நிலத்துக்கு ஆபத்து. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய நம் தோழர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தத் துப்பாக்கிச் சூட்டையும் கடற்கரை விளம்பரத்தையும் சேர்த்து யாரும் அச்சடிப்பதில்லை. 2021இல் அதே மாமல்லபுரத்தில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து ஒரு நரிக்குறவர் பெண் விரட்டப்பட்டார். டூரிஸ்ட்டுகளுக்குப் பாசிமணி விற்கிற சனங்கள் அவர்கள். அவர் வீடியோவில் கேட்ட கேள்வி நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார், முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். இத்தனை வருஷமும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சாலையிலேயே வடநெம்மேலியில் இருளர் பாம்புப்பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்புத்தோல் வியாபாரம் முடங்கி இருளர் பிழைப்புப் போனபோது, 1978இல் உருவானது. பாம்பின் விஷத்தை எடுத்து மருந்துக்கு விற்கிறார்கள், அதைப் பார்க்க வருகிறவர்களிடம் கட்டணமும் வாங்குகிறார்கள். சங்கம் அவர்களுடையது, அறிவும் அவர்களுடையது. 2023இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பத்மஸ்ரீ வாங்கினார்கள். சுற்றுலா என்றாலே நம் சனங்கள் காட்சிப்பொருள்தான் என்று முடிவு கட்டுகிற தோழர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். பழவேற்காட்டில் இருளருக்கு ஏரியைப் பற்றித் தெரிந்தது எந்த கைடுக்கும் தெரியாது. எந்தக் காற்றுக்கு எந்த மேட்டில் இறால் ஒதுங்கும், எந்தப் பறவை வந்தால் தண்ணி வற்றப்போகிறது என்பதெல்லாம். அந்த அறிவுக்குச் சங்கமும் இல்லை, சம்பளமும் இல்லை. நிறையப் பேரிடம் சாதிச் சான்றிதழே இல்லை. அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறி ஏறி, கொத்தடிமையாக ரைஸ்மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பம்!

தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம், அதற்கும் தெற்கே அனல்மின் நிலையங்கள். 2018இல் அதானி கைக்குப் போன அந்தத் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட்டபோது மீனவர்களும் தலித்துகளும் சேர்ந்துதான் எதிர்த்தார்கள். முகத்துவாரம் மண்ணடித்து மூடிக்கொள்வதும் பழைய பிரச்சினை. கடல்தண்ணி உள்ளே வராவிட்டால் இறாலும் இல்லை, இறாலைத் தேடி வருகிற பறவையும் இல்லை, பறவையைத் தேடி வருகிற காரும் இல்லை. இதற்கு நடுவில் சூழல் சுற்றுலா என்ற பேச்சு வருகிறது. வரட்டும். சரணாலயத்துக்குள் யாருக்கு என்ன உரிமை என்று கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று 1972 சட்டத்திலேயே இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டமும் இருக்கிறது. அந்த விசாரணையை இருளர் குடியிருப்பில் உட்கார்ந்து நடத்திவிட்டு அப்புறம் டிக்கெட் அடிக்கட்டும். அந்த டிக்கெட்டில் ஒரு பங்கு ஏரிச்சேற்றில் குனிகிறவர்கள் சங்கத்துக்கு வரட்டும்.

போன மாதம் நாங்கள் சில பேர் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். சான்றிதழ், பட்டா, இறால் பிடிக்கும் உரிமை என்று போய், கடைசியில் கல்லறை வாசலில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பலகை வைக்க வேண்டும் என்று சேர்த்தோம். வாசகம் என்ன என்பதில்தான் தகராறு. 1622-23 என்ற வருஷமும் 1,900 என்ற எண்ணும் போதும் என்றார் கூட வந்த ஆசிரியர். எண்ணைப் போட்டால் சரக்குக் கணக்கு மாதிரி இருக்கும், பேர் வேணும் என்றாள் ஒரு மாணவி. கத்ரைன் என்பது எஜமான் வைத்த பேராச்சே என்று இன்னொருத்தர் இழுத்தார். முக்கால் மணிநேரம் பேசினோம். பேரையும் எண்ணையும் இரண்டையுமே எழுதி, ‘இந்த ஊர்க்காரி’ என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, மனுவைக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தோம்.