நுகத்தடியும் அணுவிரதமும்

திண்டிவனத்திலிருந்து மேற்கு நோக்கிச் செஞ்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, மணிலாக் கொல்லைகளையும் ஏரிப் பாசன வயல்களையும் ஊடறுத்துச் செல்லும் கிளைச்சாலையில் சிறிது தூரம் போனால், அந்த எளிய கிராமத்துக்குச் சற்றும் பொருந்தாத கம்பீரத்தோடு ஏழு நிலைக் கோபுரம் ஒன்று எழுந்து நிற்பதைக் காணலாம். அதுவே மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் ஆலயம். தமிழ்நாட்டுச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இருப்பதும், லட்சுமிசேனர் என்னும் பட்டப்பெயர் தாங்கிய பட்டாரகர்கள் வழிவழியாக வீற்றிருப்பதும் இவ்வூரில்தான். ஆலயத்தினும் பழமை வாய்ந்தது மலைநாதர் கோயில். அங்கே பெரும்பாறை ஒன்றில் பாகுபலியும் பார்சுவநாதரும் பிற தீர்த்தங்கரரும் இயக்கியும் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றனர். இவ்வூரின் கலைச் சிறப்பைப் பற்றி அறிஞர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இங்கே சொல்லப் புகுவது அவ்வளவு உன்னதமான விஷயமன்று. இந்த ஊருக்கு மக்கள் எதில் ஏறி வந்தார்கள், அதை எது இழுத்தது, இழுப்பதையும் இழுபடுவதையும் எவ்வாறு பிணைத்தார்கள் என்பதே என் விஷயம்.

மடத்தின் பெயரே அது காஞ்சியோடு கொண்ட தொடர்பைச் சொல்லும். காஞ்சிக்கு அருகில் திருப்பருத்திக்குன்றத்தில் விளங்கிய பீடமே பிற்காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது என்பது சமணர் மரபு. மயிலாப்பூரில் கடற்கரையோரம் இருந்த நேமிநாதர் திருவுருவத்தைக் கடல்கோளுக்கு அஞ்சி இங்கே கொண்டுவந்து சேர்த்தனர் என்பது மற்றொரு மரபு. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்பவன் சமணரைத் துன்புறுத்தியதாகவும், அப்போது தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்ததாகவும், சிரவணபெளகுளத்துக்குச் சென்றுவிட்ட வீரசேனாசாரியரை நிலைமை சீர்பட்டபின் அவ்வுடையாரே போய் அழைத்து வந்ததாகவும் ஒரு கதை உண்டு. அக்கதை 1478 என்று ஆண்டும் கூறுகிறது. இக்கதைகளின் சரித்திர உண்மை எத்தகையதாயினும், மூன்றிலும் பொதுவாக இருப்பது நெடும்பயணம். பீடம் பெயர்ந்தது, படிமம் பெயர்ந்தது, ஆசாரியர் போய்த் திரும்பினார். சித்தாமூர் தானே முளைத்த தலமன்று, வந்து சேர்ந்தவற்றால் பெருமை பெற்ற தலம் என்பதை அவ்வூர் மரபே ஒப்புக்கொள்கிறது.

1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெஜட்டியரில் பிரான்சிஸ் என்னும் ஆங்கில அதிகாரி, அக்காலத்தில் திண்டிவனம் தாலுகாவைச் சேர்ந்திருந்த இவ்வூரைச் சமணரின் தலைமைக் குருவின் இருப்பிடமாகக் குறிக்கிறார். இவ்வட்டாரத்துச் சமணராகிய நயினார்கள் பெரும்பாலும் வேளாண்மை செய்வோர். வீடூர், பெருமண்டூர், தாயனூர், விழுக்கம், வல்லம் முதலிய ஊர்களில் நிலபுலமும் மாடு கன்றும் உடைய இல்லறத்தார் அவர்கள். வடநாட்டுச் சமணரைப்போல் வாணிகமே தொழிலாகக் கொண்டிருந்தால் வண்டியை வாடகைக்குப் பிடித்திருப்பார்கள். இவர்களுக்கோ வயலில் உழுத மாடே திருவிழாவுக்கும் வண்டி இழுத்தது. ஆகவே எந்த மாட்டை எந்த வண்டிக்குப் பூட்டுவது என்ற கேள்வி இவர்கள் வீட்டு முற்றத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது.

அந்த வண்டிகள் பல வகை. நெல்லும் எருவும் ஏற்றும் மொட்டை வண்டி ஒன்று. அதன் மேலேயே மூங்கிற் பிளாச்சுகளை வளைத்துப் பாய் வேய்ந்தால் கூண்டு வண்டியாகிவிடும். அச்சின்மேல் இரும்பு வில் வைத்துக் குலுக்கலைக் குறைத்த வில்வண்டி வசதி படைத்தோர் வீட்டில் மட்டும் நின்றது. தேர்விழாவுக்குக் குடும்பத்தோடு புறப்படும் நயினார் வீட்டுக் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். அரிசி, பருப்பு, புளி, பாத்திரங்கள், தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதற்கான துணி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் ஆகிய யாவும் அதில் அடங்கும். சூரியன் மறைந்தபின் உண்பதில்லை என்பது சமண இல்லறத்தாரின் உறுதியான நியமம். எனவே பொழுது சாய்வதற்குள் ஒரு கிணற்றடியையோ தோப்பையோ அடைந்து, வண்டியை அவிழ்த்துவிட்டு, உலை வைத்து உண்டு முடித்தாக வேண்டும். மற்றவர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில் வண்டி ஓட்டுவதைப்போல் இவர்களும் ஓட்டலாம். ஆனால் வழியில் இரவுணவு கிடையாது. அமெரிக்கர் வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பத்திரிகைகளில் படித்து வியக்கிறோம். அந்த வியப்பில் பாதியை நம் பாட்டன்மார் பயணத்துக்கு மிச்சம் வைக்கலாம்.

இனி மாடு தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருவோம். திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இப்பக்கத்து உழவர்க்குப் பெயர்போன ஒன்று. அங்கே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னர், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைசேர்ந்தது என்று வயதைக் கணிப்பார்கள். பிறகு சுழி பார்ப்பார்கள்; இது நம்பிக்கையைச் சேர்ந்தது, இதைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பு இல்லை. குளம்பையும், திமிலுக்கு முன்னுள்ள கழுத்தின் தடிப்பையும், நடையையும் பார்ப்பது அனுபவத்தைச் சேர்ந்தது. தனித்தனியே சிறந்த இரண்டு மாடுகள் சேர்ந்தால் சிறந்த ஜோடி ஆகிவிடாது. உயரம் ஒத்திருக்க வேண்டும். எட்டு வைக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும். இடத்து மாடாகப் பழகியதை வலத்தில் பூட்டினால் அது நாள் முழுதும் முரண்டு பிடிக்கும். ஒன்று வலியதாகவும் மற்றது இளைத்ததாகவும் அமைந்துவிட்டால், ஏர்க்காலோடு நுகத்தடியைப் பிணைக்கும் இடத்தை வலிய மாட்டின் பக்கம் சற்றுத் தள்ளிக் கட்டுவார்கள். இளைத்த மாட்டின் பக்கம் நுகம் நீளும்போது அதன் பங்குச் சுமை குறைகிறது. நெம்புகோலின் தத்துவத்தைப் பள்ளியில் படித்திராத உழவன் இதைக் கயிற்றால் செய்து முடித்தான்.

ஆனால் வண்டியின் உயிர்நிலை பிணைப்பில்தான் இருக்கிறது. வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நீண்டு வரும் ஏர்க்கால், அதன் நுனியில் குறுக்கே கிடக்கும் நுகத்தடி, நுகத்தில் செருகிய முளைக்குச்சிகள், மாட்டின் கழுத்தைச் சுற்றி வரும் பூட்டாங்கயிறு ஆகிய நான்குமே இழுப்பதற்கும் இழுபடுவதற்கும் இடையிலுள்ள முழு உறவு. இரண்டு சக்கரம் மட்டுமே உள்ள வண்டியாதலால், சுமையின் ஒரு பகுதி எப்போதும் நுகத்தின் வழியே மாட்டின் கழுத்தில் அமரும். வண்டிக்காரர் இதனை முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டே சொற்களால் அளந்தனர். முன்பாரம் மிகுந்தால் நுகம் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும்; இறக்கத்தில் மாடு மண்டியிடும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மேட்டில் ஏறும்போது வண்டியே பின்புறம் சாய்ந்து மாட்டைத் தூக்கிவிடுவதும் உண்டு. ஆகவே மூட்டைகளை அச்சுக்கு முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அடுக்கி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, ஓர் ஆள் சிரமமின்றித் தூக்கும் அளவுக்கு முன்பாரம் நின்றால் போதுமென்று நிறுத்துவார்கள். வழியில் மேடு வந்தால் வண்டிக்காரன் ஏர்க்காலுக்கு நகர்ந்து உட்காருவான். இறக்கம் வந்தால் உள்ளிருப்போரைப் பின்னுக்குத் தள்ளி உட்காரச் சொல்வான். சங்கராபரணி ஆற்று மணலைக் கடக்க வேண்டிய வழிகளில் அடுத்த வண்டியின் மாடுகளை அவிழ்த்து முன்னால் பூட்டி, இரண்டு ஜோடியாக ஒவ்வொரு வண்டியையும் அக்கரை சேர்ப்பார்கள். குடத்தில் இடும் வண்டி மையை விளக்கெண்ணெயும் வைக்கோற்கரியும் குழைத்து வீட்டிலேயே செய்துகொண்டார்கள். அது தீர்ந்துபோன வண்டியின் ஓலம் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

இவ்வளவும் எல்லாச் சாதி உழவருக்கும் பொதுவான அறிவு. சித்தாமூருக்கு வந்த நயினாருக்கு இதற்கு மேல் ஒன்று இருந்தது: சாத்திர விதி. சமண சமயத்தில் இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுவுதல்களை, உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்கிறது. உயிரைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல் அல்லது துளைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் கொடாதிருத்தல் என்பன அவை. காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவற்றைக் கூறுவதோடு நில்லாமல், பொருளை வரையறுத்துக்கொள்ளும் விரதத்திலும் இரண்டைச் சேர்க்கிறது: விலங்கை அளவுக்கு மீறிய தூரம் ஓட்டுதல், அளவுக்கு மீறிய பாரம் சுமத்துதல். சுமை மிகுவதைப் பேராசையின் கிளையாக அந்நூல் கண்டது என் மனத்தை மிகவும் கவர்ந்தது. இந்நூலைத் தழுவியே அருங்கலச்செப்பு என்னும் தமிழ் நூல் எழுந்து, தமிழ்ச் சமணர் வீடுகளில் ஓதப்பட்டு வந்தது. இந்தியாவின் மேற்குப் பகுதியில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் ஒருபடி மேலே போய், வண்டி செய்து விற்பதையும், வண்டி மாடுகளை வாடகைக்கு விடுவதையும், மூக்குக் குத்துவதையும் விலக்கத்தக்க பதினைந்து தொழில்களுள் சேர்த்துவிட்டார்.

இவ்விதிகளை ஒவ்வொரு நயினாரும் முற்றக் கடைப்பிடித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மூக்கணாங்கயிறு இல்லாமல் இந்நாட்டில் மாடு ஓட்டியவன் யார்? ஐந்தில் மூன்று வழுவுதல்கள் மாடு வைத்திருக்கும் எவனுக்கும் தினசரி நேர்வன. ஆயினும் மிகுபாரம் என்பது அவ்வாறன்று; அது புறப்படும் முன்பே முற்றத்தில் நின்று யோசித்துத் தவிர்க்கக்கூடியது. எனவே மனச்சாட்சியுள்ள இல்லறத்தான் அந்த ஒன்றில் கண்டிப்பாயிருக்க முடிந்தது. அச்சு முறியும் என்ற கணக்கும், பாவம் சேரும் என்ற கணக்கும் இங்கே ஒரே எல்லையில் வந்து நின்றன. இரண்டில் எது முதலில் பிறந்தது என்று கேட்டால், கணக்கறிந்த ஒருவனே அந்த விதியை வகுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

திகம்பர முனிவர்க்கு இந்தச் சிக்கலே இல்லை. அவர்கள் எந்த ஊர்தியும் ஏறாமல், மயிற்பீலியும் கமண்டலமும் ஏந்தி நடந்தே போவர். மடாதிபதியாகிய பட்டாரகர் முனிவருக்கும் இல்லறத்தார்க்கும் இடைப்பட்ட நிலையினர். மடத்தையும் சுவடிகளையும் நிலங்களையும் காக்கும் பொறுப்பு உடையவராதலால் அவர்க்குப் பல்லக்கு மரபாயிற்று. தீர்த்தங்கரர் எழுந்தருளும் தேரையோ மனிதரே வடம் பிடித்து இழுக்கின்றனர். பின்னிருந்து நெம்புகட்டை கொடுத்துக் கிளப்பி, முட்டுக்கட்டை போட்டு நிறுத்தி, திருப்பிச் செலுத்தும் அந்த வித்தை, பூட்டாங்கயிற்றின் வித்தையினும் அபாயமானது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் ஆலை இரும்புச் சக்கரமும் நீரழுத்தத் தடையும் பொருத்தித் தந்தது பிற்காலத்துச் செய்தி. சிறிய ஊர்த் தேர்கள் பலவற்றுக்கு இன்றும் கட்டை போடுபவரின் கண்ணே தடை.

1870-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பாதை செங்கற்பட்டிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு வந்தபோது, தொலைவிலிருந்து வந்தோர்க்கு வண்டிப் பயணம் திண்டிவனத்திலிருந்து சுமார் இருபது கிலோமீட்டராகச் சுருங்கியது. பிறகு பஸ் வந்து அதையும் எடுத்துக்கொண்டது. மரச்சக்கரத்தின் இடத்தில் டயர் வண்டி வந்து, அதே ஜோடி மாடு கூடுதலான பாரத்தை இழுக்கச் செய்தது. இழுக்க முடிகிறது என்பதனாலேயே இன்னும் அதிகமாக ஏற்றினார்கள். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமசாமி, சக்கரத்தைச் சீர்திருத்திய நாம் கழுத்தைப் புண்ணாக்கும் நுகத்தைச் சீர்திருத்தவில்லை என்பதைப் பல ஆண்டுகள் எடுத்துரைத்து வந்தார். அவர் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை நுகத்தடிக்குக் கிடைக்கவில்லை.

இப்போது அதே சாலைகளில் டிராக்டரின் பின்னால் டிரெய்லர் ஓடுகிறது. வண்டிக்காரனின் முன்பாரக் கணக்கு அதிலும் மாறாமல் இருக்கிறது. ஓரச்சு டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் பின்சக்கரத்தில் அமர்ந்தால்தான் அச்சக்கரம் மண்ணைப் பற்றும். அது மிகுந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், ஓட்டுபவன் கையில் ஸ்டியரிங் பயனற்றுப்போகும். விமானக் கலையில் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ் 1920-களின் இறுதியில் ஏரோகார் என்னும் இழுவை வீட்டைச் செய்தபோது, அதன் முன்பாரத்தைக் காரின் வாலில் தொங்கவிடாமல் காரின் உடலுக்குள்ளேயே ஏற்றிவைத்தார். அமெரிக்காவில் இன்று பிக்கப் லாரியின் பின்னச்சுக்கு மேலே பொருத்தி இழுக்கும் பெரிய கூடார வண்டிகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. அங்கே மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இழுக்கும் வண்டியின்மேல் அமர வேண்டுமென்று கணக்கிட்டு, அதைத் தாங்கும் லாரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் வீட்டை வாங்கிவிட்டுப் பிறகு லாரியைத் தேடுவோர் அங்கும் அவதிப்படுகிறார்களாம்.

நம் நாட்டுச் சட்டமும் காலந்தாழ்த்தியேனும் இவ்விஷயத்துக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்கீழ் 1965-இல் வகுக்கப்பட்ட விதிகள், மாட்டின் உடல் எடையையும் சக்கரத்தின் வகையையும் கொண்டு ஏற்றத்தக்க பாரத்துக்கு வரம்பு கட்டின. நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றி 5 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகையைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. சமந்தபத்திரர் மிகுபாரம், மிகுதூரம் என்று பொதுப்படச் சொன்னதற்கு அரசாங்கம் கிலோவும் மணியும் போட்டது. அவ்விதிகள் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. கரும்புக் காலத்தில் ஆலை வாசலில் வரிசையாக நிற்கும் மாட்டு வண்டிகளைப் பார்ப்பவர்கள், அவ்வண்டிகளின் ஏர்க்காலை ஒருமுறை கையால் தூக்கிப் பார்க்கட்டும்.