மந்திர மாணவர், போர்வீரர், சமயகுரு: பாத்திரமேற்பு விளையாட்டு விதிநூல்களில் சமூகப் படிநிலை

முன்னுரை

ஒரு சமூகம் தன் உறுப்பினரை எவ்வாறு மேல் கீழாக வரிசைப்படுத்துகிறது என்பதை அறிவதற்குச் சட்டநூல்களும் கல்வெட்டுகளும் முதன்மைச் சான்றுகளாகின்றன. அச்சமூகம் பொழுதுபோக்கிற்காகப் படைத்துக்கொள்ளும் கற்பனை உலகங்களும் இவ்வகையில் சான்றாகக் கொள்ளத்தக்கனவே. கற்பனையில் எதை வேண்டுமாயினும் மாற்றியமைக்கும் உரிமை இருந்தும், எவற்றை மாற்றாமல் விட்டனர் என்பது ஆய்வாளனுக்குப் பலவற்றை உணர்த்தும்.

1974ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மை ஏற்றுக்கொண்டு, பகடையின் துணையுடன் கதையை வளர்த்துச் செல்வது இதன் இயல்பு. இவ்வகைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுள் விற்பனைக்கு வந்த முதல் நூல் இதுவே. போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூவகை மாந்தரை மட்டுமே அந்நூல் வகுத்தது. இம்மூவருள் யார் உயர்ந்தவர் என்று அந்நூல் யாண்டும் வெளிப்படையாக வரிசைப்படுத்தவில்லை. ஆயினும் அதன் அட்டவணைகளில் ஒரு சமூக அடுக்கு மறைந்து கிடக்கிறது. அதனை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விளையாட்டை ஆடுவோரிடையே நிலவும் உறவுகளைச் சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் 1983இல் நூலாக ஆராய்ந்தார். இதன் தோற்ற வரலாற்றை ஜான் பீட்டர்சன் 2012இல் விரிவாக எழுதினார். இக்கட்டுரை ஆடுவோரை விடுத்து விதிநூல்களையே மூலமாகக் கொள்கிறது. எவ்வெவர்க்கு எப்பொருள் உரியது என்னும் வரையறையைக் கொண்டு சமூக அடுக்கைக் காண்பது, தொல்காப்பிய மரபியலைப் பயின்றோர்க்குப் புதிய முறையன்று.

மூவரின் தோற்றம்

கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு நூலை வெளியிட்டனர். இடைக்கால ஐரோப்பியப் படைகளைச் சிறு பொம்மைகளைக் கொண்டு மோதவிடும் அந்நூலின் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் வீரநாயகர்களும் இடம்பெற்றனர். அங்கு ‘ஹீரோ’ எனப்பட்டவர் நால்வருக்கும், ‘சூப்பர்ஹீரோ’ எனப்பட்டவர் எண்மருக்கும் நிகராகக் கருதப்பட்டனர். 1974ஆம் ஆண்டு நூலில் போர்வீரரின் நான்காம் நிலைக்கும் எட்டாம் நிலைக்கும் இப்பெயர்களே பட்டங்களாக அமைந்தமை இத்தொடர்ச்சியைக் காட்டுகிறது.

செயின்மெயிலில் மந்திரவாதி தீப்பந்தும் மின்னலும் எறியும் பேராற்றலர். படைக்களத்தில் அவர் பெரும் எறிபொறிகளின் பணியைச் செய்தார். அவருக்கு மாணவப் பருவம் என ஒன்று விரித்துக் கூறப்படவில்லை. முழுமைபெற்ற மந்திரவாதியே முதலில் தோன்றினார். ஆடுவோர் ஒருவர் அவரைத் தொடக்கம் முதல் வளர்த்தெடுக்க வேண்டிய தேவை எழுந்தபோது, அவருக்குரிய கற்றல் பருவம் பின்னோக்கிப் படைக்கப்பட்டது. மந்திர மாணவரின் தாழ்நிலையை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாதது.

சமயகுரு செயின்மெயிலில் இல்லை. மினசோட்டா மாநிலத்தில் ஆர்னசன் நடத்திய ‘பிளாக்மூர்’ ஆட்டத்தில், இரத்தம் உறிஞ்சும் பேயாக ஆடிய ஒருவரின் வலிமையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இப்பாத்திரம் உருவாயிற்று. இவர் கூரிய முனையுடைய படைக்கலங்களை ஏந்தலாகாது என்பது விதி. குருமார் குருதி சிந்தும் தொழில்களில் ஈடுபடலாகாது என 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பேரவை விதித்த தடையின் சாயல் இதில் படிந்திருக்கக் காணலாம்.

தொடக்கநிலைப் பட்டங்கள்

1974ஆம் ஆண்டு நூலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பட்டம் உண்டு. முதல்நிலைப் போர்வீரர் ‘வெட்டரன்’ எனப்படுகிறார். பல போர்களைக் கண்டு பழகியவர் என்பது இதன் பொருள். முதல்நிலைச் சமயகுரு ‘அகோலைட்’, அதாவது வழிபாட்டில் குருவுக்குத் துணைநிற்கும் ஏவலர். முதல்நிலை மந்திரவாதியோ ‘மீடியம்’, அதாவது பிறிதோர் ஆற்றல் தன்வழியே செயற்பட இடந்தரும் வாயில் மட்டுமே. வீரர் தொழில் முற்றியவராகவும், குரு ஒரு நிறுவனத்தின் கடைநிலை ஊழியராகவும், மந்திர மாணவர் தனக்கென ஆற்றல் அற்றவராகவும் கதைக்குள் நுழைகின்றனர்.

உடைமை விதிகளும் இதற்கேற்பவே அமைகின்றன. வீரருக்கு எல்லாப் படைக்கலமும் எல்லாக் கவசமும் உரியன. குருவுக்குக் கவசம் உண்டு. படைக்கலத்தில் வரையறை உண்டு. மந்திரவாதிக்குக் குத்துவாள் ஒன்றே உரியது, கவசம் இல்லை. 1975இல் வந்த ‘கிரேஹாக்’ துணைநூல் உயிர்வலிமையைக் கணிக்க வீரருக்கு எட்டுமுகப் பகடையையும், குருவுக்கு ஆறுமுகப் பகடையையும், மந்திரவாதிக்கு நான்குமுகப் பகடையையும் வகுத்தது. இவ்வேறுபாடு உடலிலேயே எழுதப்பட்ட படிநிலை எனலாம்.

கற்றலின் விலை

1978, 1979ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு’ பதிப்பின் நூல்கள் மந்திர மாணவரின் நிலையை மேலும் தெளிவாக்குகின்றன. கதை தொடங்கும்போது மனித இனத்து மாந்தருக்குரிய அகவையை 1979ஆம் ஆண்டு நூல் வரையறுக்கிறது. அதன்படி போர்வீரரின் அகவை 16 முதல் 19 வரை. சமயகுருவின் அகவை 19 முதல் 22 வரை. மந்திரவாதியின் அகவை 26 முதல் 40 வரை அமையும். அவர் கையிலுள்ள பொருளோ ஏனையோரினும் குறைவு. 1978ஆம் ஆண்டு விதிப்படி வீரர் 50 முதல் 200 வரையும், குரு 30 முதல் 180 வரையும், மந்திரவாதி 20 முதல் 80 வரையும் பொற்காசுகளுடன் தொடங்குகின்றனர்.

மூவருள் மூத்தவரே வறியவராகவும் இருக்கிறார். ஆறாம் நிலையேனும் எய்திய ஆசானிடம் அவர் மாணவராக இருந்து அப்போதுதான் வெளியேறியிருப்பதாக 1979ஆம் ஆண்டு நூல் கொள்கிறது. ஆசான் அளிக்கும் மந்திர ஏட்டில் உள்ளவை நான்கு மந்திரங்கள். அவற்றுள் நாளொன்றுக்கு ஒன்றை மட்டுமே அவர் பயன்படுத்த இயலும். பயன்படுத்தியதும் அது நினைவிலிருந்து நீங்கிவிடும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் எர்த்’ என்னும் புனைகதை நூலிலிருந்து இக்கருத்து பெறப்பட்டது. நெடுங்காலக் கல்வி உடனடி மதிப்பைத் தருவதில்லை என்பது இவ்விதிகளால் பெறப்படும். வீரரின் கவசத்திற்குப் பின்னே நின்று உயிர் காக்கவேண்டிய சார்புநிலையே மந்திர மாணவரின் சமூக நிலையாகிறது.

நிலை உயர்வும் தலைகீழ் மாற்றமும்

நிலை உயர்வு அனுபவப் புள்ளிகளால் அளக்கப்படுகிறது. பகைவரை வெல்வதாலும் செல்வம் ஈட்டுவதாலும் புள்ளிகள் சேரும். 1974ஆம் ஆண்டு அட்டவணையில் ஒவ்வொரு வகுப்பும் உயர்வதற்கு வெவ்வேறு அளவு வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் சில வருமாறு:

இரண்டாம் நிலை: குரு 1,500, வீரர் 2,000, மந்திரவாதி 2,500.
ஆறாம் நிலை: குரு 25,000, வீரர் 32,000, மந்திரவாதி 35,000.
ஏழாம் நிலை: குரு 50,000, மந்திரவாதி 50,000, வீரர் 64,000.
எட்டாம் நிலை: மந்திரவாதி 75,000, குரு 1,00,000, வீரர் 1,20,000.

ஆறாம் நிலை வரையில் மந்திரவாதியே எப்போதும் இறுதியாக வந்து சேர்கிறார். ஏழாம் நிலையில் குருவோடு ஒருங்கே எய்துகிறார். எட்டாம் நிலையில் இருவரையும் முந்திவிடுகிறார். மந்திர மாணவரைப் பயிற்றுவித்த ஆசானுக்கு 1979ஆம் ஆண்டு நூல் விதித்த குறைந்த அளவு ஆறாம் நிலை என்பதை இங்கு இணைத்துக் காண்டல் வேண்டும். மாணவன் பின்தங்கும் பருவம் முடியும் இடமும் ஆசானாகும் தகுதி தொடங்கும் இடமும் ஒன்றாகவே அமைகின்றன. இரு நூல்களுக்கும் இடையில் ஐந்தாண்டுகள் உள்ளமையின் இது திட்டமிட்ட அமைப்பு என்று துணிதல் அரிது; எனினும் இரண்டும் ஒரே கருத்தோட்டத்தின் வெளிப்பாடுகள் எனக் கொள்ளலாம்.

வருவாயும் ஆட்சியுரிமையும்

வீரம் தொடக்கத்திலும், கல்வி பிற்பகுதியிலும் மேலோங்குமாயின் குருவின் இடம் யாது என்னும் வினா எழுகிறது. இதற்குரிய விடை வருவாய் விதிகளில் உள்ளது. 1974ஆம் ஆண்டு நூலின்படி உச்சநிலை எய்திய போர்வீரர் கோட்டை கட்டிக் குறுநில ஆட்சியாளர் ஆகலாம். அவருக்கு ஆண்டுக்குக் குடி ஒருவரிடமிருந்து 10 பொற்காசு வரியாகக் கிடைக்கும். கோட்டை கட்டிய குருவுக்குக் கிடைக்கும் சமயக் காணிக்கையோ குடி ஒருவருக்கு 20 பொற்காசு. மேலும், குரு 1,00,000 பொற்காசு செலவிட்டால் தெய்வத் துணையால் அதனினும் இருமடங்கு மதிப்புடைய கோட்டை எழும்; பற்றுறுதி மிக்க வீரர்கள் ஊதியமின்றி வந்து சேர்வர். மந்திரவாதிக்கு அந்நூல் வழங்கியது மாயப் பொருள்களைச் செய்யும் தொழிலுரிமையே.

1978ஆம் ஆண்டு நூலில் மந்திரவாதிக்கும் நிலவருவாய் உரிமை கிடைத்தது. எனினும் வரிசை மாறவில்லை. குடி ஒருவரிடமிருந்து திங்கள்தோறும் குருவுக்கு 9, வீரருக்கு 7, மந்திரவாதிக்கு 5 வெள்ளிக்காசுகள் என அந்நூல் வகுத்தது. ஆற்றலில் முந்தியவர் வருவாயில் பிந்துகிறார். உலகை மாற்றவல்ல மந்திரத்தைக் காட்டிலும் மக்களின் நம்பிக்கையே மிகுதியாக வரி ஈட்டும் என்னும் வரலாற்று உண்மையை விதியாக்கியோர் உணர்ந்தோ உணராமலோ பதிவுசெய்துள்ளனர்.

பெயரற்ற நான்காமவர்

பதினோராம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு லான் நகர ஆயர் அடல்பெரோ, சமூகத்தை வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூன்றாகப் பகுத்தார். இப்பகுப்பின் வரலாற்றை ஜார்ஜ் டுபி 1978இல் விரித்துரைத்தார். இடைக்கால ஐரோப்பாவைப் பின்புலமாகக் கொண்ட இவ்விளையாட்டில் முதலிரு பிரிவினரும் அவ்வாறே உள்ளனர். மூன்றாம் இடத்தில் உழைப்போருக்கு மாறாக மந்திரவாதி அமர்த்தப்பட்டிருக்கிறார்.

உழைப்போர் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 10, 20 என்றும் 9, 7, 5 என்றும் மேலே கண்ட எண்களுக்குப் பின்னுள்ள ‘குடிகள்’ அவர்களே. அவர்களுக்குப் பட்டம் இல்லை. நிலை உயர்வு இல்லை. வரி செலுத்துவோர் என்னும் எண்ணிக்கையாக மட்டுமே அவர்கள் இடம்பெறுகின்றனர். யாவரும் தாழ்நிலையிலிருந்து உழைத்து உயரலாம் என்பது இவ்விளையாட்டின் கவர்ச்சி. அந்த ‘யாவரும்’ என்னும் சொல் முதல்நிலைக்குள் நுழைந்தோரை மட்டுமே குறிக்கிறது. மந்திர மாணவரின் தாழ்வு காலத்தால் நீங்கும் தாழ்வு. குடிகளின் தாழ்வு இவ்வட்டவணைகளில் நீங்கும் வழியற்றது.

பிற்காலப் பதிப்புகள்

1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் படிநிலைப் பட்டங்கள் கைவிடப்பட்டன. 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் எல்லா வகுப்பினருக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை வந்தது. நிலை உயர்வில் சமத்துவம் ஏற்பட்டபோதும் தொடக்கப் பொருளில் பழைய வரிசை எஞ்சியது. வீரர் 60 முதல் 240 வரையும், குரு 50 முதல் 200 வரையும், மந்திரவாதி 30 முதல் 120 வரையும் பொற்காசுகள் பெற்றனர்.

2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் சமூக நிலை ‘முன்வாழ்வு’ என்னும் தனிக்கூறாகப் பிரிக்கப்பட்டது. படைவீரராக வாழ்ந்தவரின் பதவியைப் பிற படைவீரர் மதித்தனர். 1974இல் முதல்நிலைப் பட்டமாயிருந்த ‘அகோலைட்’ இங்கு முன்வாழ்வுகளுள் ஒன்றாயிற்று. அவ்வாறு வாழ்ந்தவருக்குத் தம் சமயத்தாரின் திருக்கோயில்களில் அடைக்கலம் கிடைத்தது. கற்றறிந்தவராக வாழ்ந்தவருக்கோ ஒரு செய்தி எங்குக் கிடைக்கும் என்னும் அறிவே உரிமையாயிற்று. முதலாமவர்க்கு அதிகாரமும், இரண்டாமவர்க்கு ஆதரவும், மூன்றாமவர்க்குத் தேடலும் என நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய அடுக்கே வேறு வடிவில் தோன்றியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இவ்வுரிமைகள் நீக்கப்பட்டன.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன தெளிவாகின்றன. மூவரிடையே நிலவும் உயர்வு தாழ்வு ஒற்றை வரிசையாக அமையவில்லை. நுழைவில் வீரரும், வளர்ச்சியில் மந்திரவாதியும், வருவாயில் குருவும் முதலிடம் பெறுகின்றனர். மந்திர மாணவர் மூவருள்ளும் நெடிய கல்வியும் குறைந்த பொருளும் உடையவராய்த் தொடங்கி, ஆறாம் நிலைக்குப்பின் பிறரைக் கடக்கிறார். இம்மூவகை உயர்வுக்கும் அடித்தளமாக நிற்போர் விதிகளில் பெயர் பெறாத குடிகள். கற்பனை உலகைப் படைத்தோர் மந்திரத்தையும் வேற்றுயிர்களையும் தடையின்றிப் புனைந்தனர். வரி செலுத்துவோரின் நிலையை மட்டும் வரலாற்றில் கண்டவாறே விட்டுவைத்தனர். சமூகப் படிநிலையின் வலிமையை உணர்த்த இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.