களிகூர்தல்

களி + கூர். மிக மகிழ்தல் என்பது பொருள். ‘களி’ கள்ளோடு உறவுடைய சொல். குடிமயக்கம், மகிழ்ச்சி இரண்டையும் குறிக்கும். ‘கூர்’ என்றால் மிகுதல். தொல்காப்பிய உரியியல் ‘கூர்ப்பு’ என்பதற்கு உள்ளது சிறத்தல் என்று பொருள் சொல்கிறது. அன்புகூர்தலிலும் இதே கூர்தான்.

பேச்சில் அருகிவிட்ட இச்சொல்லைத் தமிழ் வேதாகமம் சபைகளில் வாழவைத்திருக்கிறது. ஆபகூக் 3ஆம் அதிகாரத்தில் அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், தொழுவம் என எல்லாம் பொய்த்துப்போனாலும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டே தீர்க்கதரிசி தேவனுக்குள் களிகூருகிறார்.

மலேசியாவின் கெடா, செமிலிங் வட்டாரத்தில் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்களுக்கு அந்த வரிசை அந்நியமல்ல. விடியலில் மழை பெய்து பட்டை நனைந்தால் சீவ முடியாது. சீவியபின் பெய்தால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) உள்ள பாலோடு அன்றைய கூலியும் போகும். துக்கம் மறக்கத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது. அங்கே கிடைத்த களி விடிந்தால் தெளிந்துவிடும். ஆபகூக்கின் களிகூர்தலோ தெளிந்த மனத்தோடு நட்டத்தைக் கணக்குப் பார்த்த பின்பும் தேவனை நம்பி மகிழ்வது. சபை வழக்கில் இச்சொல் இந்த மகிழ்ச்சியையும் குறிக்கும்.