கோட்டை ஓய்ந்த கரையில்



பழவேற்காட்டு ஏரிக்கரையில் மாலை வேளையில் நின்றவர்கள் அந்த அமைதியை எளிதில் மறக்கமாட்டார்கள். கழி ஊன்றி மெல்ல நகரும் படகு, ஆழமில்லாத நீரில் நிற்கும் பூநாரைகள், மணலில் காயும் வலைகள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் எழும் நாட்களில் மட்டும் அந்த வானம் அதிரும். வாரம் முழுவதும் கைப்பேசியின் அழைப்பையும் தொலைக்காட்சியின் வாக்குவாதத்தையும் சாலையின் இரைச்சலையும் கேட்டுக் களைத்த நமக்கு, அங்கேயே தங்கிவிடலாமா என்று தோன்றும். எனக்கும் அப்படித் தோன்றியது. ஆனால் அந்தக் கரையின் வரலாறு, அமைதியைக் குறித்து நான் கொண்டிருந்த எண்ணத்தைத் திருத்தியது. அதையே இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1610-ஆம் ஆண்டு டச்சுக்காரர் விஜயநகர அரசரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் வணிகம் செய்யத் தொடங்கினர். மயிலாப்பூரில் நிலைகொண்டிருந்த போர்த்துக்கீசியர் அதைப் பொறுக்கவில்லை. 1612-இல் வந்து டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அதன்பின் 1613-இல் எழும்பியதுதான் கெல்ட்ரியா கோட்டை. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் அதிகாரம் இந்தக் கோட்டையிலிருந்தே நடந்தது.

தாக்கியவர்களும் கிறிஸ்தவர்கள், தாக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்கள். ஒரே சிலுவையை வணங்கிய இரு கூட்டத்தார் துணிக்கும் மிளகுக்குமாகப் பீரங்கி ஏந்தினர். கோட்டையில் வெடிமருந்தும் தயாரிக்கப்பட்டது. அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. பஞ்ச காலங்களில் பசி தாளாமல் தங்களையும் தங்கள் பிள்ளைகளையும் விற்றவர்கள், இதே கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குப் பலர் கொண்டுபோகப்பட்டனர். கோட்டைக்குள் ஞாயிறுதோறும் ஆராதனை நடந்தது. கரையில் அந்த வியாபாரமும் நடந்தது. இதை எழுதுகையில் போதகனாகிய நான் தலைகுனிகிறேன்.

இந்தச் சூழலில்தான் 1632-இல் ஆபிரகாம் ரோகேரியுஸ் என்னும் டச்சுப் போதகர் பழவேற்காட்டுக்கு வந்தார். பத்து ஆண்டுகள் அங்கே ஊழியம் செய்தார். பேசுவதற்கென்று அனுப்பப்பட்ட அவர், கேட்பதற்கும் நேரம் ஒதுக்கினார். பத்மநாபன் என்னும் பிராமணரோடு அமர்ந்து, இந்நாட்டவர் எதை நம்புகின்றனர், எப்படி வழிபடுகின்றனர், பிறப்பு முதல் இறப்புவரை எவ்வாறு வாழ்கின்றனர் என்று விசாரித்து எழுதினார். இருவரும் உரையாடியது போர்த்துக்கீசிய மொழியில். அது இருவருக்குமே தாய்மொழி அன்று; கோட்டையைப் பொறுத்தவரை அது பகைவரின் மொழி. அந்த மொழியே இரு மனிதருக்கிடையே பாலமாயிற்று.

ரோகேரியுஸ் 1649-இல் மரித்தார். அவர் எழுதிய நூல் 1651-இல்தான் நெதர்லாந்தில் வெளிவந்தது. பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்கள் ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறியது அந்நூலில்தான். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706-க்கு அரை நூற்றாண்டுக்கும் முந்திய நிகழ்ச்சி இது. ரோகேரியுஸ் தம் காலத்தின் குறைகளுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். இந்நாட்டவரை அஞ்ஞானிகள் என்றே நூலின் தலைப்பில் குறித்தார். ஆயினும் அதே தலைப்பில் திறந்த கதவு என்றும் எழுதினார். பீரங்கிகள் பேசிய இடத்தில் அவர் காது கொடுத்தார். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்துபோகவில்லை.

அமர்ந்திருங்கள் என்று கட்டளையிடும் 46-ஆம் சங்கீதத்தை நாம் பெரும்பாலும் ஏரிப் படம் போட்ட நாட்காட்டியில் காண்கிறோம். அதன் முந்திய வசனங்களையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். அங்கே ஜாதிகள் கொந்தளிக்கின்றன. தேவன் வில்லை முறிக்கிறார், ஈட்டியைத் துண்டாக்குகிறார், இரதங்களை நெருப்பில் இடுகிறார். அதற்குப் பிறகே அந்தக் கட்டளை வருகிறது. எபிரெய மூலத்தில் அந்தச் சொல்லுக்குக் கையைத் தளரவிடு, பிடித்ததை விட்டுவிடு என்ற பொருள் உண்டு. களைத்தவனுக்கு ஆறுதலாக வருகிற அந்த வார்த்தை, ஆயுதம் ஏந்தியவனுக்குக் கட்டளையாகவும் வருகிறது. பட்டயத்தை உறையிலே போடும்படி பேதுருவுக்குச் சொன்ன நம் ஆண்டவரின் குரலும் இதுவே.

ஆகவே, பிரியமானவர்களே, நம் மனதின் இரைச்சல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நம் கையில் இறுகப் பிடித்திருப்பதும் இரைகிறது. அண்ணன் தம்பிக்கிடையே பல ஆண்டாக முடியாத பாகப்பிரிவினை, திருச்சபைத் தேர்தலில் விழுந்த பிளவு, மன்னிக்க மனமில்லாத ஒரு வார்த்தை. இவற்றைப் பிடித்துக்கொண்டே மலையுச்சிக்குப் போனாலும் அமைதி கிடையாது.

பழவேற்காட்டு மீனவர் இதில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கின்றனர். ஏரியில் மீன்வரத்து மிகுந்த இடங்களைப் பாடு என்பர். எவர் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை வைப்பது என்பதை முறை போட்டும் சீட்டுக் குலுக்கியும் தீர்மானித்துக்கொள்வது அவர்களுடைய நெடுநாள் வழக்கம். அம்முறையில் இடம் பெறாதவர்களின் மனக்குறையும், அதனால் எழுந்த சச்சரவுகளும் உண்டு. குறையற்ற ஏற்பாடு என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் நல்ல இடத்தில் அயலான் வலை வைத்திருக்கையில், தன் முறை வரும் என்று காத்திருந்து வலை பழுதுபார்க்கிறானே ஒரு மீனவன், அவனுடைய கையை எண்ணிப் பாருங்கள். அது தளரவிட்ட கை.

கெல்ட்ரியா கோட்டையை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடித்தனர். இன்று அங்கே மேடும் புதரும்தான். அருகே, வாசலில் இரு எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே உறங்குகிறவர்களின் பெயரும் குலச் சின்னமும் கல்லில் நிற்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அந்தக் கரையில் ஒரு கல்லும் இல்லை. தேவனோ அவர்களையும் பெயர் சொல்லி அறிவார்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்வோம். அனுதினமும் பத்து நிமிடம் கைப்பேசியை அணைத்துவிட்டு, வெறுங்கையை விரித்து வைத்துத் தேவ சமுகத்தில் அமர்வோம். எதை இறுகப் பிடித்திருக்கிறேன் என்று அவரிடம் கேட்போம். பிறகு, நெடுநாளாய் நாம் செவிகொடாத ஒருவரிடம் போய், அவர் பேசி முடிக்கும்வரை கேட்போம். அன்று அந்தக் கடற்கரையில் எழுந்த ஓலத்தைக் கேளாதிருந்ததுபோல, இன்று நம் அருகில் எழும் ஓலத்தையும் நாம் கேளாதிருக்கக்கூடாது.

கடலையும் காற்றையும் அதட்டி அமர்த்திய ஆண்டவர், நம் கைகளையும் தளர்த்தி, தம்முடைய சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.