கல்லில் நின்ற ஆடல்

திருவண்ணாமலையின் கிழக்கு இராசகோபுரத்தை எவரும் அண்ணாந்தே பார்க்கின்றனர். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்த 217 அடி உயரம் அத்தகையது. ஆடற்கலையின் வரலாறோ கீழே, வாயிலின் பக்கச்சுவர்களில், கரணச் சிற்பங்களாக அடுக்கடுக்காய் நிற்கின்றது.

கரணம் என்பது நிலையன்று, இயக்கம். கால் எங்கிருந்து எழுந்தது, கை எவ்வழி சுழன்றது என்பதைக் கல் உரைக்காது. இன்று மேலைநாட்டார் மறுமலர்ச்சிக் காலத் திருவிழாச் சந்தைகளில் பழைய நடனங்களை ஆடிக் காட்டுகின்றனர். அவர்க்குத் துவானோ ஆர்போவின் 1589ஆம் ஆண்டு நூல் துணை நிற்கிறது. இசையின் பக்கத்திலேயே காலடியும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. நம் கோயிலாடலுக்கோ ஆடிய மகளிரின் உடலே ஏடு. 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது. ஒழிய வேண்டியதே அது. ஆனால் கோயில் வளாகத்தில் பெண்டிர் ஆடுவதையும் அச்சட்டம் விலக்கிற்று. கொடுமையோடு பாடமும் வெளியேறியது.

பின்னர் பத்மா சுப்ரமணியம் பரதரின் நூலையும் கோபுரச் சிற்பங்களையும் ஒப்புநோக்கிக் கரணங்களுக்கு இயக்கம் தந்தார். 1981இல் தில்லையில் நாட்டியாஞ்சலி தொடங்கியது; கோயிற் சூழலில் ஆடல் மீண்டது. அங்கு ஆடப்படும் கரணத்தைப் பழைமை என்பதினும் புலமையின் புத்தாக்கம் என்பதே நேர்மை. கல் காட்டுவது ஒரு கணம். அதன் முன்னும் பின்னும் ஆடுவோர் தாமே இயற்றியவை.