அரிசியும் ஒருஸாவும்: கால்டுவெல்லின் சொற்பிறப்பு முடிபு குறித்து ஒரு மறுஆய்வு

கிரேக்கத்தில் அரிசியைக் குறிக்கும் 'ஒருஸா' என்னும் சொல்லிலிருந்தே இத்தாலியின் ரீசோ, பிரெஞ்சின் ரி, ஆங்கிலத்தின் ரைஸ் ஆகியவை கிளைத்தன என்பதில் அறிஞரிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. அந்த ஒருஸா எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு நீடிக்கிறது. 1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கம் பெற்ற தம் திராவிட ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் அச்சொல்லைத் தமிழ் 'அரிசி'யோடு இணைத்தார். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இவ்விணைப்பின் கவர்ச்சியை ஒப்புக்கொண்டது. தமிழறிஞர் பலருக்கு அது இன்று ஐயமற்ற உண்மையாகவே தோன்றுகிறது.

கால்டுவெல்லின் முடிபை எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழில் வயலில் நிற்பது நெல், உமி நீங்கிய மணி அரிசி. கடல் கடந்து செல்லும் சரக்கு உமி நீங்கியதாக இருந்திருந்தால், அயலார் அதன் பெயராக அரிசியைக் கொள்வதே இயல்பு. ஒலியிலும் அவர் பக்கம் ஒரு சான்று உண்டு. முசிறியைக் கிரேக்கர் 'முஸிரிஸ்' என்று எழுதியபோது, உயிர்களுக்கு இடைப்பட்ட தமிழ்ச் சகரத்துக்கு 'ஸீட்டா' என்னும் எழுத்தையே ஆண்டனர்; ஒருஸாவில் இருப்பதும் அதே எழுத்துதான். கால்டுவெல்லை மறுப்போர் இந்தச் சான்றைப் பெரும்பாலும் பேசாமல் கடந்துவிடுவது முறையன்று.

ஆயினும் அவரது முடிபு காலத்தின் முன் தளர்கிறது. தமிழகத் துறைமுகங்களோடு கிரேக்கக் கலங்கள் நேரடியாக வணிகம் செய்ததை விரிவாகக் காட்டும் பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் கி.பி. முதல் நூற்றாண்டினது. முசிறியில் ஏற்றப்படும் மிளகு, முத்து, தந்தம் முதலியவற்றை வரிசைப்படுத்தும் அந்நூல் அப்பட்டியலில் அரிசியைச் சேர்க்கவில்லை. லிமிரிகே என்று அது குறிக்கும் தமிழகக் கரையிலிருந்து திரும்பும் கலங்கள் சொக்கோத்ராத் தீவில் அரிசியைப் பண்டமாற்றாகக் கொடுத்ததை அது சொல்வது உண்மைதான். ஆனால் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னரே தியோபிராஸ்டஸ் தம் தாவர நூலில் ஒருஸா என்று எழுதிவிட்டார். அலெக்சாந்தருடன் சென்ற அரிஸ்டோபுலஸ், நீர் தேக்கிய பாத்திகளில் நெல் வளர்வதை வருணித்து, பாக்திரியா, பாபிலோனியா, சூசா நாடு ஆகிய இடங்களிலும் அது விளைவதாகக் கூறியதை ஸ்திராபோ காத்துத் தந்துள்ளார். கிரேக்கர் நெற்பயிரைக் கண்ணால் கண்ட வழி ஈரான் வழி என்பதை இக்குறிப்பு தெளிவாகக் காட்டுகிறது.

இதனினும் பழைய வடிவம் ஒன்று உண்டு; இந்த வழக்கில் அதற்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை. சோபோக்ளீஸின் 'திரிப்தோலெமஸ்' என்னும் நாடகம் அழிந்துபோயிற்று. அதில் 'ஒரிந்த' அப்பம் என்றொரு தொடர் வந்ததை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அதெனையோஸ் பதிவு செய்துள்ளார். அது ஒருஸாவால் செய்த அப்பமாகலாம், அல்லது எத்தியோப்பியாவில் விளையும் எள் போன்ற விதையால் செய்ததாகலாம் என்று அவரே இரு பொருள் தருகிறார். நாடகத்தின் காலம் கி.மு. 468 என்பதும் பிளினியின் ஒரு குறிப்பிலிருந்து கணக்கிட்டதே. அதை ஏறத்தாழ என்று கொள்வதே பொருந்தும். இவ்வளவு மெல்லிய சான்றாயினும் முதற்பொருளே ஏற்புடையது எனலாம். இந்தியரோடு சேர்த்து அணிவகுக்கப்பட்ட, ஆசியாவைச் சேர்ந்த கிழக்கு எத்தியோப்பியரை எரோதோத்தஸ் குறிப்பிடுவதால், எத்தியோப்பியா என்ற பெயர் ஆப்பிரிக்காவை மட்டும் சுட்டியதாகக் கொள்ளத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, 'ஒரிந்த' என்பதிலுள்ள மெல்லின ஒலி. பாரசீகத்தின் 'பிரிஞ்ச்', ஆர்மேனியத்தின் 'பிரிஞ்ச்' ஆகிய அரிசிப் பெயர்களில் அவ்வொலி உண்டு, 'அரிசி'யில் இல்லை. முதலில் வகரம் கொண்டிருந்த ஈரானிய வடிவம் ஒன்றே கிரேக்கச் சொல்லின் ஒகரத்தையும் விளக்கவல்லது. 'வக்ஷு' என்னும் ஆற்றுப்பெயர் கிரேக்கத்தில் 'ஒக்ஸஸ்' ஆனது இதற்கு ஒப்பு. தமிழ் அகரம் ஏன் ஒகரமாக வேண்டும் என்ற வினாவுக்குக் கால்டுவெல்லின் முடிபில் விடையில்லை.

அவ்வீரானிய வடிவத்துக்கு உறவான பஷ்தோச் சொல்லிலும் வடமொழி 'வ்ரீஹி'யிலும் வகரம் நிலைத்திருக்கிறது. வ்ரீஹி இருக்கு வேதத்தில் இல்லை, அதர்வ வேதத்தில்தான் தோன்றுகிறது. ஆகவே அதுவும் இந்திய மண்ணில் பெற்ற கடன்சொல் என்ற கருத்து வலுவுடையது. கடன் தந்தவர் யார் என்னுமிடத்தில் திராவிட மொழிகள் மீண்டும் வழக்குக்குள் வருகின்றன. தெலுங்கில் நெல்லுக்கு 'வரி' என்று பெயர், கோண்டியில் 'வஞ்சி'. இவற்றோடு 'அரிசி'யையும் இணைத்து, வகர முதலும் மெல்லின ஒலியும் கொண்ட ஒரு தொல்வடிவத்தை மொழியியலார் சிலர் மீட்டமைத்துள்ளனர். ஆனால் தமிழ் அரிசி, மலையாள அரி, கன்னட அக்கி ஆகிய தென்மொழிச் சொற்களில் வகரம் ஒருங்கே மறைந்ததற்கு உறுதியான விதி காட்டப்படவில்லை. உமி நீங்கிய அரிசியைக் குறிக்கும் மலாய் 'பெராஸ்', திபெத்திய 'ப்ராஸ்' ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, இவை யாவும் இன்று அறியவொண்ணாத வேறொரு மொழியின் சொல்லிலிருந்து பிரிந்தனவோ என்ற ஐயத்துக்கும் இடமுண்டு.

தொல்லியல் தரும் சான்றை இங்கே அளவறிந்து கையாள வேண்டும். பழனி அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல்மணிகள் கி.மு. 490ஐ ஒட்டியவை என்றும், தூத்துக்குடி மாவட்டச் சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155ஐ ஒட்டியது என்றும் காலக்கணிப்புகள் கூறுகின்றன. தமிழகத்தில் நெல்லின் தொன்மைக்கு இவை அரிய சான்றுகள். ஒரு சொல் கிரேக்கத்துக்குப் போன வழியை இவை காட்டா.

ஆகவே 'அரிசி'யிலிருந்து ஒருஸா நேரே பிறந்தது என்ற கூற்றைக் கைவிடுவதே தகும். இரண்டுக்கும் இடையே தொலைவான உறவு இருந்திருக்கலாம் என்பதை மட்டும் திறந்து வைக்கலாம். இனி வரும் தமிழ்ச் சொற்பிறப்பு அகராதிகள் 'அரிசி'யைப் பதியும்போது, 'வரி', 'வஞ்சி', 'ஒரிந்த' ஆகிய வடிவங்களையும் உடன் தந்து, கிரேக்கத் தொடர்பை வினாக்குறியோடு இடுவதே நேர்மையான முறையாகும்.