அது ஆர்ட பாட்டு?

களுதாவளையில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி என்றால் கயிறிழுத்தலும் கிடுகு பின்னுதலும் மட்டுமில்லை, காலையிலிருந்து இரவு வரைக்கும் ஸ்பீக்கரில் பாட்டும் ஓட வேணும். ஒருமுறை ‘என்ஜாயி எஞ்சாமி’ ஓடியபோது மைதானம் முழுக்கச் சேர்ந்து பாடியது. அப்போது பக்கத்தில் நின்ற சின்னப் பொடியன் ஒருவன் எங்களிடம், “அண்ணா, இது ஆர்ட பாட்டு?” என்று கேட்டான். எங்களில் ஒருவர் “தீயின்ட” என்றார், இன்னொருவர் “சந்தோஷ் நாராயணன்ட” என்றார். அறிவு என்ற பேர் எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. கலைப்பீடத்தில் படிக்கிறோம், பாட்டைப் பற்றி எழுதுகிறோம் என்று திரிகிற எங்களுக்கே இந்த நிலைமை. அந்த வெட்கத்தில் தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

தேடத் தொடங்கியதும் முதலில் எங்கள் கையில் அகப்பட்டவர் அறிவு இல்லை. ரொக் இசை பிறந்த காலத்து அமெரிக்கர் ஒருவர், ஓட்டிஸ் பிளாக்வெல். 1931இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பினத்தவர். தையற்கடையில் உடுப்புகளுக்கு ஸ்திரிக்கை போடும் வேலை பார்த்தார். நல்ல குரல் இருந்தது. 1953இல் தானே எழுதி ‘டாடி ரோலிங் ஸ்டோன்’ என்று ஒரு பாட்டும் பாடினார். ஆனால் பாடிச் சோறு தின்ன முடியவில்லை. 1955ஆம் ஆண்டு, நத்தாருக்கு முதல் நாள், கையில் காசில்லாமல் ஆறு பாடல்களை ஒவ்வொன்றும் 25 டொலருக்கு விற்றார். அவற்றில் ஒன்று ‘டோன்ட் பி குரூவல்’. அடுத்த வருடம் அதை எல்விஸ் பிரெஸ்லி பாட, உலகமே ஆடியது. பாடலாசிரியர் பேரில் எல்விஸின் பேரையும் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு வரியும் எழுதாதவருக்குப் பாதிப் பங்கு! ‘ஓல் ஷூக் அப்’, ஜெர்ரி லீ லூயிஸ் பாடிய ‘கிரேட் போல்ஸ் ஒஃப் ஃபயர்’ இரண்டுக்குப் பின்னாலும் பிளாக்வெல்தான் இருந்தார். எல்விஸ் எப்படிப் பாட வேண்டும் என்று காட்டும் மாதிரி ஒலிப்பதிவுகளையும் இவரே பாடி அனுப்பினார். இருவரும் ஒருநாளும் நேரில் சந்திக்கவில்லை.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு அறிவிடம் திரும்பி வந்தோம். அவருடைய கதைக்குள் எங்கட நாடும் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அறிவரசு கலைநேசன் தமிழ்நாட்டின் அரக்கோணத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். ‘எஞ்சாமி’ என்ற சொல்லே அவரிடமிருந்து வந்ததுதான். நிலமில்லாத சனம் நிலக்காரரை ‘சாமி’ என்று கூப்பிட வேண்டியிருந்த உலகத்தில், தன் பேரனைப் பார்த்து ‘என் சாமி’ என்று கூப்பிட்ட கிழவி அவர். பாட்டைக் கேட்டு ஆடும்போது இதெல்லாம் எங்களுக்கு எங்கே விளங்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் எங்கட பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் இது சில பந்திகளோடு முடிந்துபோன விசயம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். அந்தக் கன்றுகளை யார் கொழுந்து பறிக்கும் அளவுக்கு வளர்த்தது என்று ஒரு கேள்வியும் வந்ததில்லை. பஞ்சத்தாலும் கடனாலும் சாதியாலும் நெருக்கப்பட்டுத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள் அவர்கள். பெரும்பாலானவர்கள் நிலமில்லாதவர்கள். இங்கே காடு வெட்டினார்கள், றோட்டுப் போட்டார்கள், ‘லயன்’ என்ற வரிசை அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கில் எடுத்தது 9,75,000 பேரை. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆட்களைப் பங்கு போட்ட கணக்கு இது, நெல் மூட்டையை இல்லை. ‘உங்களுக்கு எங்கே போக விருப்பம்’ என்று அந்த ஒப்பந்த மேசையில் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

போனவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இங்கே ‘இந்தியாக்காரர்’, அங்கே ‘சிலோன்காரர்’. போகாதவர்களில் ஒரு பகுதியினர் 1977, 1983 வன்முறைகளில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்கும் எங்கட கிழக்கு மாகாணத்துக்கும் வந்தார்கள். மட்டக்களப்பிலும் அப்படி வந்து குடியேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ‘தோட்டக்காட்டான்’ என்று சொல்லும் பழக்கம் எங்கட வாய்களிலும் இருந்தது. அதையும் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அறிவு வளர்ந்தது இந்தப் பின்புலத்தில், அம்பேத்கரைப் படித்துக்கொண்டு. பொறியியல் படித்தார், எம்.பி.ஏ.யும் படித்தார். கவிதை எழுதிக்கொண்டிருந்த பொடியன் மேடைக்கு வந்தது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ வழியாக. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்த 19 பேர் கொண்ட குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முன்வைத்த ‘சாதி பேதமற்றவர்’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பேர். 2018 ஜனவரி 6ஆம் திகதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. சாவு வீட்டில் பாடும் கானாவும் பறையும் ஒரு பக்கம், கிற்றாரும் ட்ரம்ஸும் மறுபக்கம், நடுவில் அறிவின் ராப். ரொக் என்றால் நீளத் தலைமயிரும் கறுப்பு ரீசேட்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு, கோபத்துக்கு ஒரு தாளம் கிடைத்தால் அதுதான் ரொக் என்று அந்த வீடியோக்கள்தான் காட்டின. (டென்மா இதை ஒத்துக்கொள்வாரோ தெரியாது.)

அதே வருடம் ‘காலா’ படத்தில் ‘உரிமையை மீட்போம்’ அவர் எழுதியது. 2019இல் ‘ஒஃப்ரோ’வோடு சேர்ந்து ‘தெருக்குறள்’ தொகுப்பு. பிறகு ‘சூரரைப் போற்று’வில் மாறா தீம், ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’. விஜய் திரையில் நடந்துவர விசிலடித்த எத்தனை பேருக்கு அந்த வரிகளை எழுதியவர் யாரென்று தெரியும்? சினிமாவில் இது சாதாரணம்தான். ஹீரோவுக்கு எழுதினால் பாட்டு ஹீரோவுடையது. அதற்குக் காசு வருகிறது, பாடலாசிரியர் பேரும் பட்டியலில் வருகிறது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை.

பிரச்சினை வந்தது சொந்தப் பாட்டில்.

2021 மார்ச் 7ஆம் திகதி, ஏ.ஆர். ரகுமான் தொடங்கிவைத்த ‘மாஜா’ தளத்தில் ‘என்ஜாயி எஞ்சாமி’ வெளிவந்தது. தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அதே வருடம் ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டைப்படத்தில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். பேசப்பட்ட பாடல்கள் ‘என்ஜாயி எஞ்சாமி’யும் ‘சார்பட்டா பரம்பரை’யின் ‘நீயே ஒளி’யும். இரண்டிலும் அறிவின் எழுத்து இருந்தது. அட்டையில் அறிவு இல்லை. ரஞ்சித் பகிரங்கமாகக் கேட்டார், சமூக வலைத்தளங்களில் சத்தம் எழுந்தது, பிறகு அந்தச் சஞ்சிகை அறிவுக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை போட்டது. பிளாக்வெல்லின் பாட்டிலும் ‘ரோலிங் ஸ்டோன்’, இங்கேயும் ‘ரோலிங் ஸ்டோன்’. வரலாறு சிலநேரம் இப்படிப் பகிடி விடும்.

அடுத்த வருடம், 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமர் மோடி முன்னிலையில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அதே பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாட்களில் இன்ஸ்டகிராமில் எழுதினார்: பாட்டுக்கு மெட்டோ சொல்லோ யாரும் தனக்குத் தரவில்லை, ஆறு மாதம் தூக்கமில்லாமல் தான் உழைத்தது, தேயிலைத் தோட்டத்தில் அடிமைப்பட்டிருந்த தன் முன்னோரின் வரலாறு அது என்று. சந்தோஷ் நாராயணன் பதில் அறிக்கை விட்டார்: எண்ணம் தீயினுடையது, இசை தன்னுடையது, வரிகள் அறிவினுடையது, வருமானத்தில் மூவருக்கும் சமபங்கு என்று. 2024இல் அவரே இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு சதமும் வந்து சேரவில்லையாம்!

இதில் யார் சரி என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நாங்கள் இருக்கவில்லை. ஆனால் ஒன்று எங்களை உறுத்துகிறது. மரம் நட்டவருக்கு நிழல் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் கதை. அந்தக் கதையைச் சொன்னவருக்கே அது நடந்தது. அவர் கோபப்பட்டதை ‘பேராசை’ என்று சொன்னவர்கள் நிறையப் பேர். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பரம்பரையாக உழைப்பைக் கொடுத்துவிட்டுப் பேரை இழந்த குடும்பத்துப் பிள்ளை, பேரைக் கேட்டுத்தான் சண்டை பிடிக்கும்.

எங்கட பக்கத்தையும் பார்த்தோம். கூத்தில் சட்டங்கொடுத்தல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று மாதக்கணக்கில் ஊரே கூடி உழைக்கும். விடியும்வரை களரியைச் சுற்றி இருந்த சனத்துக்கு அருச்சுனனாக ஆடியவரைத் தெரியும், அண்ணாவியாரைத் தெரியும். அந்தப் பாட்டுகளை எழுதினது ஆர்? எங்கள் நண்பன் ஒருவனின் அப்பப்பா வைத்திருக்கும் பழைய கூத்துக் கொப்பியைப் புரட்டினோம். பார்த்து எழுதினவரின் பேர் இருக்கிறது, இயற்றினவரின் பேர் இல்லை. பழைய கதை மட்டுமில்லை, எங்களில் ஒருத்தி ஒரு விழாவுக்கு எழுதிக்கொடுத்த பாட்டைப் பாடினவர்களுக்கு மாலை போட்டார்கள், அவளின் பேரை மைக்கில் சொல்லக்கூட இல்லை. அவள் கோபப்படவில்லை. நாங்கள்தான் கோபப்பட்டோம், அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு.

அறிவு 2024இல் வெளியிட்ட தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பேர் வைத்தார். பாட்டியின் பேர் முன்னுக்கு, தன் பேர் இல்லை, பேரன் என்ற உறவு மட்டும்.

அதைப் பார்த்துத்தான் நாங்களும் ஊரில் அம்மம்மாமார் பாடுவதைப் பதிந்துவைக்கத் தொடங்கினோம். முதலில் போன வீட்டில், வெற்றிலை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்த அம்மம்மா “எனக்கு ஒண்டும் தெரியா மனே” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தாலாட்டு ஒன்றைத் தன்பாட்டில் பாடினார். போனில் பதிந்தோம். பேரைக் கேட்டபோது, “என்ட பேரைப் போட்டிராத மனே, இது எங்கட அம்மா பாடினது” என்றார். அவருடைய அம்மாவின் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தோம்.